ஆடேரிலிருந்து காங் வரை, இடப்பக்கமாக

நியூவார்க்கில் இரவு ஏறிய விமானம் அயர்லாந்தின் ஷானனில் எங்களை இறக்கிவிட்டபோது, காலைத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆடேர், காங் என்ற பழைய கிராமங்கள் இரண்டைப் பார்ப்பதுதான் திட்டம். வாடகைக் கார் எடுக்கும்போது, என் பெயரோடு கணவர் செல்வத்தின் பெயரையும் ஓட்டுநராகச் சேர்த்தேன்.

"எதுக்கு வேஸ்ட்டா?" என்றார்.

போன பனிக்காலத்தில் ஃப்ரீவேயில் அவர் ஓட்டிய எங்கள் காரை ஒரு டிரக் இடித்தது. யாருக்கும் அடியில்லை, அவருடைய தைரியம் மட்டும் போய்விட்டது. அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நியூஜெர்சியில் நாங்கள் வசிக்கும் வெஸ்ட் வின்ட்சரில் ரயில் நிலையத்துக்குக்கூட நான்தான் டிரைவர். அவர் மறுபடி ஓட்ட வேண்டும் என்பதே இந்தப் பயணத்தில் என் ஒரே ஆசை.

அயர்லாந்தில் நம் ஊர்போல இடப்பக்கம் ஓட்ட வேண்டும். நான் கார் கற்றதே நியூஜெர்சியில். ஆடேருக்கு நாற்பது கிலோமீட்டர்தான். அதற்குள் வேலிச் செடிகளை இரண்டு முறை உரசிவிட்டேன்.

ஆடேரின் பெரிய தெருவில் கூரை வேய்ந்த சின்னச் சின்ன வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியானவர்களுக்காகப் பண்ணையார் கட்டிக்கொடுத்தவை. இப்போது சில, கடைகளாகிவிட்டன. ஒன்றில் டீயும் ஸ்கோன் என்கிற பன்னும் எட்டு யூரோ. செல்வம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சாவியைக் குடு கல்யாணி. நீ ஓட்டறதைப் பார்த்தா வேலியெல்லாம் அழுவுது. நான் ஈரோட்டுல லெஃப்ட்ல ஓட்டிப் பழகுனவன்தானே?"

அவர் மனம் மாறுவதற்குள் சாவியை நீட்டினேன்.

காங், அங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் வடக்கே. பெரிய சாலை முடிந்து, இருபுறமும் கல்மதில் நெருக்கும் குறுகிய சாலை தொடங்கியது. எதிரே வந்தவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். அடுத்தவரும் தூக்கினார். நியூஜெர்சியில் விரல் தூக்கினால் அது கெட்ட வசவு என்று அங்கே கார் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். எந்த விரல் என்று பார்க்கவா நேரம்? இன்னும் இரண்டு பேர் தூக்கியதும் செல்வம் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி டயரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார்.

"நான் ஏதோ தப்பா டிரைவ் பண்றேன். எல்லாரும் திட்டறாங்க. என்னால முடியாது, நீயே ஓட்டு."

"ஒரு தப்பும் இல்லீங்க, நல்லாத்தானே ஓட்டறீங்க" என்றேன். சாவி என் கைக்கு வந்துவிட்டது.

பின்னால் வந்த டிராக்டர் நின்றது. அதிலிருந்த விவசாயி, வண்டி பழுதா என்று விசாரித்தார். தான் செய்த தவறு என்னவென்று செல்வம் நேராகவே கேட்டார். அந்த மனிதருக்கு விஷயம் புரியச் சற்று நேரமானது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். இந்தப் பக்கம் எதிரே யார் வந்தாலும் விரல் தூக்கி வணக்கம் சொல்வது வழக்கமாம். பதிலுக்குத் தூக்காமல் போவதுதான் மரியாதை இல்லையாம்.

"அப்போ மரியாதை தெரியாம வந்தது நான்தானா?" என்று செல்வம் என்னைப் பார்த்தார். வெட்கத்தோடு கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

அடுத்து வந்த காருக்கு விரல் போதவில்லை, கையையே ஆட்டினார். "ஐயோ, ஸ்டியரிங்கைப் பிடிங்க!" என்று கத்தினேன்.

காங்கில் இரண்டு நாள் இருந்தோம். இடிந்த மடாலயத்தை ஒட்டி, ஆற்றின் மேலேயே துறவிகளின் மீன்பிடி அறை. தரையிலுள்ள துளை வழியாக வலை இறக்குவார்களாம். மீன் சிக்கினால் மடத்துச் சமையலறையில் மணி அடிக்கும்படி கயிறு கட்டியிருந்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. பஞ்ச காலத்தில் பட்டினி கிடந்தவர்கள் கூலிக்கு வெட்டிய கால்வாய் ஒன்றும் உண்டு. சுண்ணாம்புப் பாறை தண்ணீரைக் குடித்துவிட, படகு ஓடாமலே கிடக்கிறது. அதை வெட்டியவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

திரும்பும்போது கால்வே நகரம்வரை பச்சை வயல், கல்மதில், செம்மறி ஆடுகள். அதற்கப்பால் ஷானன்வரையுள்ள எண்பது சொச்சம் கிலோமீட்டரைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. விபத்துக்குப் பிறகு முதல்முறையாக, அவர் ஓட்ட ஓட்ட, பக்கத்து இருக்கையில் அசந்து தூங்கிவிட்டேன்.