ரூட் ஒன்பது, எழிச்சூர் ஸ்டாப்

இந்தப் பக்கம் வந்து சேர்ந்த முதல் வாரத்தில், சென்னைக்கு வெளியே ஒரகடம் கூட்டு ரோட்டருகே நான் சாப்பிடப் போன மெஸ்ஸில் அக்கா என்னைப் பார்த்து, “நீ இன்னா ரூட்டுபா?” என்று கேட்டார். கோவில்பட்டியிலிருந்து மதுரை, திருச்சி வழியாக வந்தேன் என்று நான் விளக்கமாகப் பதில் சொன்னேன். அக்கா கரண்டியும் கையுமாக என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கத் திரும்பினார். அவர் கேட்டது கம்பெனிப் பேருந்தின் எண்ணை. எந்த ரூட் வண்டி எத்தனை மணிக்கு எந்த முக்கில் நிற்கும் என்பது அவருக்கு அத்துப்படி. யாருக்கு முதலில் இட்லி வைப்பது, யாருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது “யாரு மவன் நீ?” என்று. இங்கே வந்து ஒன்பது வருடமாகிறது, என் அப்பா பெயரை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கோபம் வரலாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பாவுக்குக் காசநோய் வந்தது. மாத்திரை வாங்கப் போன இடத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் வரிசையில் நின்றிருக்கிறார். அவ்வளவுதான். மறுநாளே டீக்கடையில் அப்பாவுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப் வந்தது. ஆறேழு மாதத்தில் நோய் போய்விட்டது, கப் போகவில்லை. எங்கள் ஊரில் நோயாளிக்கு ரெக்கார்டு என்று தனியாக ஒன்று வேண்டாம், ஊரே எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும். இதனால்தான் நர்சிங் படித்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால் என் மார்க்குக்கு அதுதான் கிடைத்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு சின்னத் தனியார் கிளினிக். சுற்று வட்டாரத்தில் கார் பாகங்கள் செய்கிற ஆலைகள் சில எங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. ஆண் நர்ஸ் என்பதால் எல்லோருக்கும் நான் பிரதர். ஒரே காலையில் மூன்று மணிகண்டன்கள் வருவார்கள், அதில் இரண்டு பேருக்கு ஒரே இனிஷியல். அறையை மாற்றுவார்கள், போன் எண்ணை மாற்றுவார்கள். மாறாமல் இருப்பது பேருந்து ஒன்றுதான். ரத்தப் பரிசோதனை முடிவைக் கவரில் போட்டு ஒட்டி, அந்த ரூட் டிரைவரிடம் கொடுத்தால் போதும், ஸ்டாப்பையும் ஷிஃப்டையும் பார்த்துச் சரியான ஆளிடம் சேர்த்துவிடுவார். அதனால் எங்கள் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே ரூட், ஸ்டாப், ஷிஃப்ட் என்று மூன்று கட்டங்கள் உண்டு. அந்தப் பழக்கத்தைத் தொடங்கியவன் நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பேச்சியம்மாள் முதல் தடவை வந்தபோது “ரெண்டு நாளா காய்ச்ச அடிக்கி” என்றாள். எங்கள் ஊர்ப் பேச்சு, என் காது உடனே நிமிர்ந்துவிட்டது. கேட்டால், எங்கள் ஊருக்கு நாலு மைலில் இருக்கிற கிராமம். வயது இருபத்து மூன்று, கார்களுக்கு வயர் கட்டும் ஆலையில் ட்ரெயினி, தங்குவது எழிச்சூரில் உறவுக்காரர் வீட்டு மாடியில். அதன்பின் எப்போது வந்தாலும் வரவேற்பு மேசையைத் தாண்டி நேராக என்னிடம் வருவாள். மூன்றாவது தடவை, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்து தனக்கு வலிப்பு உண்டு என்றாள். நாலு வருடமாக ஒருமுறைகூட வரவில்லை, தினமும் இரண்டு மாத்திரை, வேலைக்குச் சேரும்போது அதை மறைத்துவிட்டாள். இப்போது மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க ஊருக்குப் போக லீவு இல்லை. நான் அவளை எங்கள் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் திட்டாமல் கேட்டார், மாத்திரை எழுதினார், எங்கள் பதிவில் ஏற்றினார், ஆலைக்கு எதுவும் போகாது என்றும் சொன்னார்.

சில மாதம் கழித்து டாக்டரம்மா இல்லாத ஒரு நாளில் சிறுநீர்த் தொற்றோடு வந்தாள். டியூட்டியில் இருந்த டாக்டர் புதியவர். அவர் முன்னால் ஆறு பக்கப் பதிவும், வெளியே இருபது பேரும். அவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் வலிப்புக்காரர்களுக்கு யோசித்துக் கொடுக்க வேண்டியது. சீட்டைப் பார்த்ததும் நான் ஓடிப்போய்ச் சொன்னேன், அவர் மாற்றிக் கொடுத்தார். எல்லாம் பதிவில் இருந்தது, நாலாவது பக்கத்தில். அதைப் படிக்க அவருக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம்.

அந்தச் சமயத்தில்தான் அரசு ஒரு போட்டியை அறிவித்தது. நோயாளிகளின் பதிவுகளை டாக்டர்களும் நர்சுகளும் சுலபமாகப் பயன்படுத்த உதவும் செயலி ஒன்றைச் செய்ய வேண்டும், சிறந்ததற்குப் பரிசு, பிறகு அரசு மருத்துவமனைகளிலும் அதை வைப்பார்கள். டாக்டரம்மா அறிவிப்பைக் காட்டியபோது என் கண்ணுக்கு அந்த நாலாவது பக்கம்தான் தெரிந்தது. என் அறைத் தோழன் ஜெபராஜ் ஒரு ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறான், ஆனால் படித்தது கம்ப்யூட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எங்கள் யோசனை எளிமையானது. எத்தனை பக்கம் இருந்தாலும், டாக்டர் கண்ணில் முதலில் பட வேண்டியது மேலே ஒரு சிவப்புக் கட்டத்தில் வரும்: என்ன நோய், என்ன மாத்திரை, எதைக் கொடுக்கக் கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாக மருந்தையும் சீட்டையும் எடுத்துக் கொடுப்பதைத் தாண்டி ஏதோ செய்கிறேன் என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

முதல் சுற்றுக்கு உண்மையான நோயாளி ஒருவரின் பதிவை வைத்துச் செயல்விளக்கம் காட்ட வேண்டும், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட வேண்டும். பேச்சியம்மாளின் பதிவைவிடப் பொருத்தமானது வேறில்லை. அவளிடமே கேட்டேன். “பேரு வராதுல்லா அண்ணே?” என்றாள்.

“வராது” என்றேன்.

வரவில்லை. பெயர், போன் எண், ஆதார், ஊர், ஆலையின் பெயர் எல்லாவற்றையும் ஜெபராஜ் எடுத்துவிட்டான். நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். டாக்டரம்மா ஒரு தடவை பார்த்தார். பெயர் இருந்த இடத்தில் ‘நோயாளி ஒன்று’ என்று போட்டோம். அனுப்புவதற்கு முன்னால், எங்களோடு ஒப்பந்தம் உள்ள ஆலைகளின் ஹெச்.ஆர். ஆட்களை ஒரு சனிக்கிழமை மதியம் கூப்பிட்டுக் காட்டினோம், ஆதரவுக் கடிதம் வாங்குவதற்காக. சிவப்புக் கட்டம் திரையில் வந்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். பேச்சியம்மாளின் ஆலையிலிருந்து வந்தவர் இந்த மண்ணுக்காரர், வாலாஜாபாத்திலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர். அவர் மட்டும் சிவப்புக் கட்டத்துக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அங்கே பார்த்தேன். ரூட் ஒன்பது, எழிச்சூர், பி ஷிஃப்ட்.

எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் அது தப்பியிருந்தது. அதை ஒரு அடையாளமாக நாங்கள் நினைக்கவே இல்லை. தினமும் நூறு தடவை எழுதுகிறோம், டிரைவர்கூடப் படிக்கிறார். போட்டியின் விதிகளை எழுதியவர்களுக்கும் அது தெரிந்திருக்காது. டீ கொடுக்கும்போது அந்த வாலாஜாபாத்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஒன்பதாம் நம்பர் வண்டில எழிச்சூர்ல ஏர்றது ஒரே ஒரு பொண்ணு தான பிரதர்?” என்றார். எனக்குத் தெரியாது சார் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். குரலைத் தாழ்த்தி, “நாளைக்கு லைன்ல வுழ்ந்து தலைல அடிபட்டா யாரு பதில் சொல்றது? எனக்கும் மேல ஆள் கீறாங்க” என்றார். இங்கே காட்டியது சிகிச்சைக்கான பதிவு, அதை வைத்து எதுவும் செய்யக் கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு டீ கிளாஸைப் பார்க்கத்தான் தெரிந்தது.

மூன்று வாரத்தில் அவளை மறுபரிசோதனைக்கு என்று கூப்பிட்டு, இரண்டு கேள்வி கேட்டு, பயிற்சிக் காலம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த தாளில் வலிப்பு என்ற சொல்லே இல்லை. கிளினிக்குக்கு வந்தவள் அழவில்லை. கூட வேலை செய்த செல்விதான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும், அவள் ஒருத்திதான் என் பையில் மாத்திரையைப் பார்த்திருக்கிறாள், இனி அவள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றாள். சும்மா இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அப்படி இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தேன். பிறகு, செல்வி இல்லை, நான்தான் என்று சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“பேரு வராதுன்னு சொன்னீயளே” என்றாள்.

பேரு வரவில்லை என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரிந்தது. ஊருக்குப் போகிறாயா என்று கேட்டேன். “போனா ஏன் வந்தன்னு கேப்பாவ. என்னத்தச் சொல்ல?” என்றாள். எனக்கு அப்பாவின் பிளாஸ்டிக் கப் ஞாபகம் வந்தது. ஒரு மாத மாத்திரையை வாங்கிக்கொண்டு, பதிவிலிருந்து தன் பக்கத்தை அழித்துவிட முடியுமா என்று கேட்டாள். சட்டப்படி கொஞ்ச வருடம் வைத்திருக்க வேண்டும், முடியாது. தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அன்றே டாக்டரம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆலைக்கு நியாயம் கேட்டு ஒரு கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. ரூட், ஸ்டாப் கட்டங்களைச் செயல்விளக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னார். போட்டியிலிருந்து விலகிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, இந்தச் சிவப்புக் கட்டம் இருந்தால் இன்னும் எத்தனையோ பேச்சியம்மாள்கள் தப்பான மருந்து சாப்பிடாமல் பிழைப்பார்கள், இதை நிறுத்துவதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார். சரியான கேள்வி. பேச்சியம்மாள் வழக்குப் போட, நான் அவள் தரப்பில் சாட்சி சொல்லப் போனால் கிளினிக்கின் ஒப்பந்தம் போகும், கிளினிக்கை விட்டுப் போனால் ஊரில் நான் உட்கார ஒரு மருத்துவமனை நாற்காலி இல்லை. ஊரிலிருந்து என் அம்மா போனில், பேச்சி எப்படி இருக்கா, ஊர்க்காரப் பிள்ளை, பாத்துக்கிட வேண்டியதுதானே என்கிறாள். நல்லா இருக்கா என்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொள்கிற ஆளாக இருக்கிறேன். நாங்கள் இரண்டாம் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டோம். ஒரே பெயருள்ள நோயாளிகள் குழம்பாதபடி, இவர்தானா என்று திரையே கேட்க ஜெபராஜ் சேர்த்திருந்த முறையை நடுவர்கள் தனியாகப் பாராட்டியிருந்தார்கள்.

போன திங்கட்கிழமை, இருங்காட்டுக்கோட்டையில் உள்ள வேறொரு ஆலைக்கு ஆளெடுப்பு. முப்பது நாற்பது பேருக்கு உடல் பரிசோதனை. வரவேற்பில் இருக்கும் பெண் லீவு, எங்கள் செயலியை ஏற்றியிருந்த கம்ப்யூட்டர் முன்னால் நான். அந்த ஆலையின் ஆள் ஒருவர் பட்டியலோடு என் தோளருகே நின்றிருந்தார். உள்ளே இருந்தது அன்று அந்த ஆன்டிபயாடிக்கை எழுதிய புதிய டாக்டர்தான், அவர் ஒரு நாளைக்குப் பார்க்கிற கூட்டத்தில் முகம் எதுவும் தங்காது. பதினோராவதாகப் பேச்சியம்மாள் வந்து எதிரே உட்கார்ந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவாளோ என்று நினைத்தேன். போகவில்லை. பெயரையும் வயதையும் அடித்தேன். ஜெபராஜ் செய்திருந்தபடி திரை உடனே கேட்டது: இதே பெயரில், இதே வயதில் ஒருவர் இருக்கிறார், இவர்தானா?

“முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?” என்று கேட்டேன். அவளை நான் பன்மையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“இல்ல சார்.”

புதியவர் என்பதை அழுத்தினேன். சொந்த ஊர் என்ன என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து, “சேலம்” என்றாள். நான் சேலம் என்று அடித்தேன். தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை ஏதாவது உண்டா என்பது அடுத்த கேள்வி. மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இல்லை என்றாள். அதையும் அடித்தேன். சிவப்புக் கட்டம் காலியாக வந்து நின்றது. நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தால், எந்த டாக்டர் என்ன மாத்திரை எழுதினாலும், தடுக்க அதில் ஒரு எழுத்துகூட இல்லை. ஆலைக்காரர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “க்ளீனா கீது, அடுத்து” என்றார். அவள் எழுந்து உள்ளே போனாள். நான் அடுத்தவரின் பெயரைக் கேட்டேன்.