ஆறாவது தோங்

மனைவி சுமதி தவறிப்போன பிறகு இன்றுதான் முதல் தடவையாக மீன் பிடிக்கப் போனேன். கேரி தீவில், ஆறு கடலில் சேரும் இடத்தில் கயாக் படகை இறக்கினேன்.

எங்களுடையது இருவர் உட்காரும் கயாக். முன்னால் அவள், பின்னால் நான். இன்று நான் மட்டும் ஏறியதும் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது.

கரையில் வலை அலசிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் கத்தினார். "பாஸ், இப்படியே போனா காத்து பொரட்டிரும் லா! முன்னுக்கு ஆளு இல்லையா?"

"இல்லண்ணே."

"அப்ப தண்ணி தோங் வைங்க, நான் தரேன். எப்பவும் உட்கார்றவங்க எத்தன கிலோ?"

"ஐம்பது." யார் கேட்டாலும் சுமதி சொல்லும் கணக்கு அதுதான்.

பத்து லிட்டர் பிளாஸ்டிக் தோங் ஐந்தில் தண்ணீர் நிரப்பி முன் இருக்கையில் கட்டினார். அப்போதும் கயாக்கின் மூக்கு தூக்கியே நின்றது.

"ஐம்பதுன்னு யாரு சொன்னா?"

"அவங்களேதான்."

சிரித்துக்கொண்டே ஆறாவதையும் வைத்தார். கயாக் நேரானது. அவள் இருந்தால் எப்படி மிதக்குமோ, அப்படியே.

"அடுத்த வாட்டி அக்காவையே கூட்டிட்டு வாங்க பாஸ்."

தலையாட்டினேன்.

நடு ஆற்றில், "ஆடாம உட்காரு, மீன் ஓடிரும்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன், தோங்குகளிடம்.

மீன் ஒன்றும் சிக்கவில்லை. இன்று பிடிபட்டது சுமதியின் பொய் ஒன்றுதான்.

உங்கள் வீட்டம்மா எத்தனை கிலோ என்கிறார்? எதைச் சொன்னாலும் நம்பிவிடுங்கள். சரிபார்க்கும் நாள் உங்களுக்கு வரவே வேண்டாம்.