துரை தலையில் விழுந்த நிழல்

ஐம்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில் நான் ஆயாவாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. உலகத்தையே திருத்திவிடலாம் என்ற நினைப்பு.

மடுவத்துக்குள் இருட்டும் புகையும்தான். வெளியே சின்ன முற்றம் உண்டு. ஆனால் பத்து மணிக்கு மேல் வெயில் பிள்ளைகளின் கன்னத்தைக் கருக்கிவிடும். நிழல் போட்டுத் தரச் சொல்லி, தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரையிடம் கெஞ்சினேன். "வெள்ளிக்கிழமை வந்து பாக்குறது. பிள்ளைங்க வெளையாடாட்டி அங்க தேயிலை நாத்து போடுறது" என்றார், தன் அரைகுறைத் தமிழில்.

விட்டேனா? வெள்ளிக்கிழமை காலையில், பிள்ளைகளை விட வந்த தாய்மார் அத்தனை பேரின் கம்பளிகளையும் கேட்டு வாங்கினேன். மழைக்கும் குளிருக்கும் தலையில் போட்டுக்கொள்ள அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"மழை வந்தா என்னாங்க ஆயா பண்றது?" என்றாள் ஒருத்தி.

"வானத்தப் பாருங்கக்கா, பொட்டு மேகம் இல்ல" என்றேன், என்னைக் கேட்டுத்தான் மழை பெய்யும் என்பது போல.

மூங்கில் நட்டு, கம்பளிகளைக் கோத்துக் கட்டினேன். பிரமாதமான நிழல்! இரண்டு மணிக்குத் துரை வந்தார். குனிந்து உள்ளே நுழைந்தவர், பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொட்டியது மழை. நனைந்த கம்பளிகளின் கனத்தில் பந்தல் மொத்தமும் துரை மேலும் பிள்ளைகள் மேலும் உட்கார்ந்தது. மலையிலிருந்து ஓடிவந்த பெண்கள் ஆளுக்கொன்றை இழுத்தார்கள். "விடுடி, இது என் கம்பளி!" என்று ஒருத்தி பலம் கொண்ட மட்டும் இழுக்க, அடியிலிருந்து தொப்பியில்லாமல் துரை வெளியே வந்தார். அவள் அலறியே விட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

என்னால்தான் சிரிக்க முடியவில்லை. ஒவ்வொருத்தியும் தன் கம்பளியைப் பிழிந்து பிள்ளைக்குச் சுற்றி மடுவத்துக்குள் விட்டுவிட்டு, வெறுந்தலையோடு மழையில் மறுபடி மலையேறினாள். வெட்கத்தில் செத்தேன்.

அடுத்த வாரமே துரை தகரக் கூரை போட்டுக் கொடுத்தார். ஆயாவின் சாமர்த்தியம் என்று தோட்டமே பேசியது. எனக்கல்லவா தெரியும்! இன்றும் யாருக்காவது நல்லது செய்யக் கிளம்பினால், அதை யார் தலையிலிருந்து எடுக்கிறேன் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.