குழாய் மூடியிருந்தபோது விழுந்த துளிகள்

நான் எதையும் மூன்று தடவை அளக்காமல் எழுதுகிறவள் இல்லை. பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று டைரியில் குறிப்பதற்குக்கூட இரண்டு கடிகாரம் பார்ப்பேன். இந்த ராத்திரியையும் மூன்று வெவ்வேறு நாட்களில், முன்பு எழுதியதைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தேன். மூன்றும் ஒன்றுபோலவே வந்தன. அதனால் இது நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நடக்கவே இல்லை என்று யாராவது எனக்கு நிரூபித்துக் காட்டினால், அவர்கள் இருக்கும் திசை நோக்கிக் கும்பிடுவேன்.

அப்போது நான் சியாயி நகரில் ஒரு வினிகர் ஆலையில் பாட்டிலுக்கு மூடி திருகிக்கொண்டிருந்தேன். பகல் முழுக்க அந்தப் புளித்த வாடை. குளித்தாலும் நகக்கண்ணில் இருக்கும். சாயங்காலம் தொழில்நுட்பக் கல்லூரியில் மாலை வகுப்பு. ஆலையின் ஆய்வகத்தில் ஓர் இடம் காலியானது. ஆய்வகத் தலைவர் ஷி ஐயா மறுநாள் எங்கள் வகுப்புக்கே வந்து, நான் வினிகரின் புளிப்பை அளந்து காட்டுவதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அது கிடைக்காவிட்டால் மறுபடி மூடிதான்.

அளப்பதற்குத் துளி எண்ணும் சென்சார் ஒன்று வைத்திருந்தோம். கையகலப் பிளாஸ்டிக், நடுவில் ஒரு துவாரம். துவாரத்துக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளி. மேலே உள்ள குழாயிலிருந்து துளி விழுந்து அந்த ஒளியை மறைக்கும்போது சிவப்பு விளக்கு ஒரு தரம் மினுங்கும், கணினியில் எண் ஒன்று ஏறும். ஒரு மில்லிக்கு எத்தனை துளி என்பதை முதலில் வெறும் தண்ணீரை விட்டுக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். அந்த எண் தப்பினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் தப்பு. அன்று இரவு வகுப்பு முடிந்த பின் அதற்காகத்தான் கல்லூரிச் சோதனைக்கூடத்தின் ஐந்தாம் மேசையில் இருந்தேன். கூட குவான்-லின் அண்ணன். பகலில் ஸ்கூட்டர் மெக்கானிக், ராத்திரியில் என் செய்முறைக் கூட்டாளி.

முதல் தடவை, மில்லிக்கு இருபத்தேழு துளி. இரண்டாவது தடவையும் இருபத்தேழு. போதும் கிளம்பலாம் என்றார் அண்ணன். இன்னொரு தடவை என்றேன்.

"நீ கட்டிக்கப் போறவனையும் மூணு தடவை அளந்துட்டுத்தாம்மா கல்யாணத்துக்கு ஒத்துக்குவ" என்றார்.

குழாயையும் சென்சாரையும் பிடித்து நிற்கும் தாங்கியின் மேல்தட்டில் பச்சைப் பாக்கெட் ஒன்று இருந்தது. சோளப்பொரி, தேங்காய்ப்பால் வாசனை போட்டது. எங்கள் ஊரில் எந்த யந்திரமானாலும் மேலே இது ஒன்று இருக்கும். இருந்தால் யந்திரம் சொன்ன பேச்சுக் கேட்கும். பாக்கெட் பச்சையாக இருக்க வேண்டும், தேதி கடந்திருக்கக் கூடாது, யாரும் தின்னக் கூடாது. அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்தார். தேதி அன்றோடு முடிகிறது. நாளைக்கு ஷி ஐயா வரும்போது தேதி செத்த பாக்கெட்டா இருக்க வேண்டும், புதுசு வாங்கி வைத்துவிடலாம், பழசை வீணாக்குவானேன் என்று நான் தடுப்பதற்குள் கிழித்துவிட்டார். இரண்டு கை அள்ளி மொறுமொறுவென்று மென்றார். எனக்கும் நீட்டினார். மத்தியானத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஒன்றே ஒன்று எடுத்து வாயில் போட்டேன்.

ஈரமாக இருந்தது.

ஈரம் மட்டும் இல்லை. வெதுவெதுப்பு. யாரோ வாயில் வெகுநேரம் ஊறவைத்து எடுத்த மாதிரி கொழகொழவென்று நாக்கில் ஒட்டியது. சோப்பைக் கடித்த வழுவழுப்பு. துப்புவதற்குள் பாதி தொண்டையில் இறங்கிவிட்டது. என் விரல் ஈரமாக இருந்திருக்கும், சோப்பும் அதில்தான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் எப்போதும் என்னைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

அண்ணன் பாக்கெட்டைக் காலிசெய்து, கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கீழே கடைக்குப் போனார். ஒன்பது இருபது.

மேல்தட்டு வெறுமையாக இருந்தது.

மூன்றாவது தடவைக்காக, சென்சாருக்குக் கீழே துளிகளைப் பிடிக்கும் அளவு ஜாடியைக் காலிசெய்து துடைத்து வைத்தேன். குழாயை இன்னும் திறக்கவில்லை. இது எனக்கு நிச்சயம். திருகில் கை வைத்துப் பார்த்தேன், இறுக்கமாக மூடியிருந்தது.

டிக்.

சிவப்பு விளக்கு மினுங்கியது. கணினியில் 1.

குழாய் நுனியில் துளி இல்லை. ஜாடிக்குள் பார்த்தேன். அடியில் ஏதோ இருந்தது. தண்ணீர் மாதிரி பரவாமல், குவிந்து உட்கார்ந்திருந்தது.

டிக். 2.

டிக். 3.

நாலாவது தடவை விளக்கு எரிந்தது... அணையவில்லை.

துளி என்றால் ஒளியைக் கடந்து போய்விடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், அறுபடாத ஏதோ ஒன்று துவாரத்துக்குள் தொங்குகிறது என்று அர்த்தம். குனிந்து பார்த்தேன். மெல்லிய நூல். மஞ்சள் கலந்த வெள்ளை. துவாரத்தின் வழியாக ஜாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் சோளப்பொரித் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது.

நூல் எங்கிருந்து இறங்குகிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் தொடங்கியது.

எச்சில்.

டிஷ்யூ தாளால் துடைத்தேன். இழுக்க இழுக்க நீண்டது. விரலில் பட்ட இடம் வழுக்கியது. அடுத்த மேசையிலிருந்து சிவப்பு லிட்மஸ் தாள் ஒன்றை எடுத்து ஜாடிக்குள் விட்டேன். ஏன் விட்டேன் என்று தெரியவில்லை, பழக்கம்தான். வெறும் தண்ணீர் என்றால் சிவப்பாகவே இருக்க வேண்டும், காரம் பட்டால்தான் நீலமாகும்.

பட்டவுடன் கருநீலமாகியது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. மிகப் பக்கத்தில்.

ஸ்ஸ்ஸ்ப்...

உறிஞ்சுகிற சத்தம்.

நாளைக்காக நான் கலக்கி வைத்திருந்த, சதையையே அரிக்கும் காரமான காஸ்டிக் சோடா பீக்கரில், திரவத்தை அளந்து உறிஞ்சும் கண்ணாடிக் குழலான பிப்பெட் சாய்ந்து நின்றது. அதற்குள் திரவம் ஏறிக்கொண்டிருந்தது. அதை உறிஞ்சும் ரப்பர்க் குமிழ் என் கையில்தான் இருந்தது.

ஸ்ஸ்ஸ்ப்...

அளவுக் கோட்டைத் தாண்டி ஏறியது.

பிப்பெட்டின் வாய்ப்பக்கம் மூச்சுப் பட்டதுபோல் மங்கியது.

ஏறியது...

நுனிவரைக்கும்.

பிறகு... விழுங்கப் பார்த்து விழுங்க முடியாத ஒரு சத்தம்.

க்ளக்.

க்ளக்.

டிக். டிக். டிக். டிக்...

கத்த வாயைத் திறந்தேன். என் வாயோரத்திலும் ஏதோ வழிந்தது.

கதவு திறந்தது. ஒன்பது நாற்பது. குவான்-லின் அண்ணன் புதுப் பாக்கெட்டை மேல்தட்டில் டப்பென்று வைத்தார்.

விளக்கு அணைந்தது. பிப்பெட்டில் இருந்ததெல்லாம் ஒரேயடியாகப் பீக்கருக்குள் இறங்கியது.

அண்ணன் ஜாடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, மூக்கு சிந்தி வச்சிருக்க?"

கணினியில் 61 என்று நின்றது. குழாய் மூடியே இருந்தது.

மறுநாள் காலையில் நாக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. சாயங்காலம் ஷி ஐயா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். மேசையை மாற்றிக் கேட்கலாம் என்று நினைத்தேன், தைரியம் வரவில்லை. இருபத்தேழு என்ற எண்ணைக் கொடுத்துத் தொடங்கினேன். கணினித் திரையில் கோடு அழகாக ஏறியது. வினிகரின் புளிப்பு பாட்டில் லேபிளில் போட்டிருந்தபடியே வந்தது. மற்றவர்கள் கலைந்த பிறகு, எத்தனை தடவை அளந்து இந்த இருபத்தேழைப் பிடித்தாய் என்று கேட்டார். இரண்டு என்றேன். மூன்றாவது ஏன் இல்லை என்றார். என் கண் மேல்தட்டுக்குப் போனது.

அவரும் மேல்தட்டைப் பார்த்தார். "இது புதுசு. பழசு எங்கம்மா?"

தேதி முடிந்ததால் பிரித்துத் தின்றுவிட்டோம் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஸ்டூலை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பச்சைப் பாக்கெட். தேதி முடிகிறபோதெல்லாம் அவர்தான் மாற்றி வைக்கிறாராம். இந்தத் தடவை ஒரு நாள் பிந்திவிட்டது. யந்திரத்துக்காக இல்லை என்றார். இந்த மேசைக்கு யந்திரம் வருவதற்கு முன்பிருந்தே வைக்கிறாராம்.

அவரும் இதே மாலை வகுப்பில் படித்தவர்தான். இதே மேசை. பக்கத்தில் காவ் என்ற நண்பன். அந்தக் காலத்தில் எல்லோரும் பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சுவார்களாம். வகுப்புக்கே ஒரு ரப்பர்க் குமிழ். அன்று அது ஷி ஐயாவின் கையில் இருந்தது. காவ் காத்திருக்காமல் காஸ்டிக் சோடாவை வாயால் உறிஞ்சினான். கோட்டைத் தாண்டிவிட்டது.

"பதினோரு நாள் ஆஸ்பத்திரில கெடந்தான். எச்சிலக்கூட முழுங்க முடியாது. வாய்க்குக் கீழ கிண்ணம் வச்சிருந்தோம், சொட்டிக்கிட்டே இருக்கும். கடைசி ராத்திரி இந்தப் பொரி வேணும்னு எழுதிக் காட்டினான். டாக்டருக்குத் தெரியாம ஒண்ணே ஒண்ணு நாக்குல வச்சேன். முழுங்க முடியல. துப்பவும் மாட்டேன்னுட்டான். அப்படியே வாய மூடிக்கிட்டான். விடியறதுக்குள்ள போயிட்டான்."

பைக்குள் இருந்த பாக்கெட்டை விரலால் தடவினார்.

"நர்ஸ் வாயத் தொடைச்சப்ப உள்ள அது இல்ல. படுக்கைலயும் தேடினேன். முழுங்கிட்டுத்தான் போயிருப்பான், இல்லம்மா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ எத்தன தின்ன?"

"ஒண்ணுதான் ஐயா."

"எப்படி இருந்துச்சு?"

அந்த வேலை எனக்கு வேண்டும் என்பதற்காகச் சொன்னேனா, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"மொறுமொறுன்னு இருந்துச்சு ஐயா."

அவர் கண்ணை மூடித் தலையசைத்தார். திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு வந்துவிடு என்றார்.

இப்போது அங்கேதான் இருக்கிறேன். நாக்கு நுனியில் இன்னும் ருசி தெரியவில்லை. பாக்கெட்டில் ஈரம் இறங்கியிருக்கும், ஓட்டை இருந்திருக்கும் என்று எனக்கு நானே பலநாள் சொல்லிக்கொண்டேன். போன வாரம் குவான்-லின் அண்ணனிடம் கேட்டே விட்டேன். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ஒரே பதில். அவர் அள்ளித் தின்ற அத்தனையும், பாக்கெட்டின் அடித்தூள் வரைக்கும், மொறுமொறுவென்றுதான் இருந்ததாம்.

ஈரமாக இருந்தது ஒன்றே ஒன்று.