ஓடாத கிலோமீட்டர்கள்

ரக்பி லீக் ஆடப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் சிரிக்கவில்லை. "பல்லு பத்திரம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நாடு விட்டு வந்து ரானுயி என்ற புறநகரில் வாடகை வீடு. நகர மையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. திண்டுக்கல்லில் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் நான் கபடி அணியில் இருந்தவள். பாடிப் போவதில் சுமார்தான், ஆனால் பிடிப்பதில் கெட்டிக்காரி. என் கைக்குள் தொடை சிக்கினால் எவளும் கோட்டுக்குத் திரும்ப மாட்டாள் என்று எங்கள் மாவட்டத்தில் ஒரு பேர் இருந்தது.

என்னை அழைத்துப் போனவள் கூட வேலை செய்த ஒரு சமோவாப் பெண். நோயாளிகளிடம் ரத்தம் எடுப்பது அவள் வேலை, அதைச் சோதிப்பது என் வேலை. அவளுக்கு வயது முப்பத்தெட்டு, மூன்று பிள்ளைகள். பத்து வருடமாக ஒரு கிளப்பின் பெண்கள் அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு அறையில் கபடி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நான், எழுந்து நின்று தொடைப் பிடி எப்படி என்று நாற்காலியை வைத்துக் காட்டினேன். அவள் டப்பாவை மூடிவைத்தாள்.

"வியாழக்கிழமை என்கூட வா, சிஸ்" என்றாள். பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். என் மனதில் அது இப்படித்தான் பதிந்திருக்கிறது.

அந்த வருடம் சீசன் முடிகிற நேரத்தில் சேர்ந்தேன். கடைசி நான்கு ஆட்டங்களில் என்னைக் கால் மணி நேரம், கால் மணி நேரமாக இறக்கினார்கள். என்னைவிட முப்பது கிலோ கூட இருந்தவர்களை நான் இடுப்புக்குக் கீழே பிடித்துச் சாய்த்தபோது ஓரத்தில் நின்றவர்கள் கத்தித் தீர்த்தார்கள். நான் பலசாலி என்று அணி முழுக்க முடிவு கட்டிவிட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது.

ஆனால் ரக்பி லீக்கில் பிடிப்பது வேலையில் ஒரு பங்குதான். பந்து வைத்திருப்பவளைச் சாய்த்தவுடன் எழுந்து, பத்து மீட்டர் பின்னால் ஓடி, வரிசையில் நின்று, திரும்பவும் முன்னால் வர வேண்டும். எதிரணி கைக்குப் பந்து போனால் ஒரு முறைக்கு ஆறு வாய்ப்பு. ஆறு தடவையும் இதையே செய்ய வேண்டும். ஒருத்தி திரும்பி வரத் தாமதித்தால் வரிசையில் ஓட்டை விழும். கபடியில் முப்பது விநாடி மூச்சைக் கட்டினால் போதும். இங்கே கால் மணி நேரம் தாக்குப்பிடித்தவளுக்கு முழு ஆட்டம் என்பது வேறு கணக்கு.

எங்கள் கோச் ஐம்பதைத் தாண்டிய ஒரு மாவோரிப் பெண்மணி. பஸ் ஓட்டுநர். கோடை விடுமுறைக்கு முன் கிளப் அறையில் எல்லோரையும் உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். வாரத்துக்கு மூன்று ஓட்டம், பன்னிரண்டு வாரம். முப்பத்தாறு கட்டங்கள்.

"பந்தைப் பிடிக்க, தள்ள எல்லாம் நான் மார்ச்ல சொல்லித் தர்றேன். கடைசிப் பதினஞ்சு நிமிஷம் நிக்கிற தெம்பை இப்பவே சேர்த்துக்குங்க. ஓடினா எழுதுங்க. ஓடலன்னா ஓடலன்னு எழுதுங்க. திட்ட மாட்டேன். யாரை எவ்வளவு நேரம் நிறுத்தலாம்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்றார்.

இந்த நாட்டில் டிசம்பரில்தான் கோடை தொடங்கும். முதல் வாரம் வீட்டிலிருந்து கிளம்பி ரயில் நிலையம் பக்கமாக ஓடினேன். ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, விலாவில் குத்தியது. யாரோ வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். உள்ளே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் குழாயை மூடிவிட்டு, "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார். இரண்டாவது தடவையும் அதே தூரம்தான். மூன்றாவது தடவை அதைவிடக் குறைவு. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பலசாலி என்று பேர் வாங்கியவள் ஒரு கிலோமீட்டரில் வேலியைப் பிடித்து நிற்பதை நானே பார்க்க விரும்பவில்லை.

நான்காவது தடவை ஷூவை மாட்டிக்கொண்டு போய்ப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அங்கிருந்த குடிநீர்க் குழாயில் முகத்தையும் கழுத்தையும் நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கணவர் அடுப்படியில் இருந்தார்.

"எவ்வளவு ஓடின?"

"அஞ்சு கிலோமீட்டர்."

"ரெண்டு முட்டை கூட வேக வச்சிருக்கேன். உட்காரு."

சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுக்க இப்படியே போனது. பிப்ரவரிக் கடைசியில் ஒரு காலை, வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து முப்பத்தாறு கட்டத்தையும் நிரப்பினேன். ஒரே நாளில் எழுதியது தெரியக் கூடாது என்று மூன்று பேனா கொண்டுபோயிருந்தேன். சில எண்களைச் சாய்த்து எழுதினேன். ஜனவரியில் ஒரு கட்டத்தில் "மழை, இருந்தும் ஓடினேன்" என்று எழுதினேன். நான் எழுதியதிலேயே இன்றும் என்னைக் கூசவைப்பது அந்த வரிதான்.

கோச் எல்லாத் தாளையும் கிளப் சுவரில் ஒட்டினார். என் தாளைத் தட்டிக் காட்டி, "இவ வந்து ஆறு மாசம்தான் ஆகுது. பாருங்க" என்றார். பக்கத்தில், என்னை அங்கே அழைத்துவந்த என் தோழியின் தாள் இருந்தது. இருபத்தேழு ஓட்டம். மீதி ஒன்பது கட்டத்திலும் "ஓடவில்லை, மகனுக்குக் காய்ச்சல்", "ஓடவில்லை, அலுப்பு" என்று அவள் கையெழுத்து. அடுத்த வாரம் எல்லோரையும் ஓடவிட்டுச் சோதித்தபோது நான் கணுக்கால் சுளுக்கு என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். "உன் தாளைப் பார்த்தேனே, உனக்கு எதுக்கு டெஸ்ட்" என்று கோச் விட்டுவிட்டார்.

அப்படித்தான் நான் முழு ஆட்டமும் ஆடுகிறவள் ஆனேன். இடது ஓரத்தில் நான். எனக்கு உள்பக்கம் என் தோழி. முதல் சில ஆட்டங்களில் எதிரணிகள் பலவீனமாக இருந்ததால் சமாளித்தேன். நான் எழுந்திருக்க நேரமானால், பலமாக மோதிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜூனில் மனுகாவ் துறைமுகத்துப் பக்கம் ஒரு மைதானத்தில் ஆட்டம். காலையிலிருந்து மழை. இடைவேளையில் நாங்கள் எட்டுப் புள்ளி முன்னால் இருந்தோம். இரண்டாம் பாதியில் என் கால் சேற்றிலிருந்து வர மறுத்தது. பத்து மீட்டர் பின்னால் போக வேண்டிய இடத்தில் ஐந்து மீட்டர் போய் நின்றேன், பிறகு மூன்று. "பின்னாடி வா, சிஸ், பின்னாடி வா" என்று அவள் கூப்பிடுவது கேட்டது. பதில் சொல்லவும் மூச்சில்லை. நான் நிற்க வேண்டிய இடத்திலும் அவள் போய் நின்றாள், தன் இடத்துக்கும் ஓடி வந்தாள். இப்படிப் பத்து நிமிடம். கடைசியில் எதிரணிப் பெண் ஒருத்தி நான் விட்ட ஓட்டை வழியாக நேராக ஓடினாள். என் தோழி உள்பக்கமிருந்து குறுக்கே பாய்ந்து தனியாளாக அவளைப் பிடித்தாள். இருவரும் விழுந்தார்கள். அந்தப் பெண் எழுந்தாள். இவள் எழவில்லை. காறை எலும்பு முறிந்திருந்தது. அதற்குப் பிறகு இரண்டு தடவை எங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தார்கள். நான்கு புள்ளியில் தோற்றோம்.

செவ்வாய்க்கிழமை கிளப் அறையில், யாரோ ஒருத்தியின் தம்பி போனில் எடுத்த வீடியோவைப் போட்டார்கள். அது பந்தின் பின்னாலேயே போனது. நான் படத்துக்கு வெளியே இருந்தேன். என் தோழி தாமதமாக ஓடிவருவது மட்டும் தெரிந்தது. அவள் எங்கிருந்து ஓடிவந்தாள் என்பது அதில் இல்லை.

"அவங்க நம்மளைவிட நல்லா ஆடல. நம்மளைவிட அதிகமா ஓடியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார் கோச். யார் பெயரையும் சொல்லவில்லை.

கையைத் துணியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த என் தோழி தானாகவே பேசினாள். "டிசம்பர்ல மூணு வாரம் நான் ஓடல, கோச். தாள்லயே இருக்கு. அது அங்க வந்து நின்னுச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னை மாதிரி ஓடியிருக்கணும், சிஸ். மன்னிச்சுக்கோ" என்றாள்.

நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

ஒரு கையால் ரத்தம் எடுக்க முடியாது என்பதால் அவளை வரவேற்பு மேசையில் உட்காரவைத்தார்கள். தினமும் காலையில் அவளைக் கடந்துதான் நான் உள்ளே போக வேண்டும். தினமும் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பரவாயில்ல" என்றாள். மூன்றாவது வாரம், சாப்பாட்டு அறையில் ஒரு பையை என் முன்னால் வைத்தாள். உள்ளே அவளுடைய தோள்கவசம், துவைத்து மடித்து வைத்திருந்தது.

"கோச்கிட்ட சொல்லிட்டேன், இனி ஆடல. முப்பத்தொன்பது ஆகப்போகுது. உடம்பு சொல்லிடுச்சு. இதை நீ போட்டுக்கோ."

வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு ரயிலேறி வீட்டுக்கும் போனேன்.

வியாழக்கிழமை பயிற்சியில் கோச் என்னை முன்னால் நிறுத்தி, புதிதாக வந்திருந்த பெண்களை ஓட்டத்தில் வழிநடத்தச் சொன்னார். ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். நேராகக் கோச்சிடம் போய்ச் சொன்னேன். தாள், பேனாக்கள், பெஞ்சு, கணுக்கால், எல்லாம். அவர் ஓடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்புறம் என்கிட்ட எதுக்கு முதல்ல வந்த?"

கோச்சிடம் சொல்வது எளிது என்பதுதான் உண்மை.

சனிக்கிழமை ஒனிஹங்காவில் அவள் வீட்டுக்குப் போனேன். கொல்லைப்புறத்தில் ஒற்றைக் கையால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உதவி செய்யக் கை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டு, சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த சட்டைக்குக் கிளிப் போட்டு முடித்தாள்.

"எத்தனை?"

"என்ன எத்தனை?"

"எத்தனை தடவை ஓடின?"

"மூணு."

"முப்பத்தாறுல."

"ஆமா."

அடுத்த துணியை எடுத்தாள். உதறினாள். "நான் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, பசங்க முழிக்கிறதுக்குள்ள ஓடிட்டு வருவேன். அப்படி இருபத்தேழு நாள். மூணு வாரமா என் வயசைத் திட்டிக்கிட்டு இருக்கேன். பிள்ளைங்ககிட்ட, அம்மாவுக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

மன்னித்துவிடு என்றேன். அவள் கூடையில் மிச்சமிருந்த துணியையும் காயப்போட்டாள்.

"என் தோள்கவசத்தைக் கொண்டு வந்தியா?"

"இல்ல, வீட்ல இருக்கு."

"திங்கட்கிழமை கொண்டு வந்து குடு."

செவ்வாய்க்கிழமை அணி முன்னால் எழுந்து நின்று சொன்னேன். பின்னால் ஒருத்தி வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள், பிறகு நிறுத்தினாள். கேப்டன் வெளியே போய்விட்டாள். அந்த சீசன் முழுக்க எனக்கு ஆட்டம் கிடையாது. பயிற்சிக்கு மட்டும் வர வேண்டும், ஆட்டத்தன்று தண்ணீர் பாட்டில் தூக்க வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டார். அரையிறுதிக்குப் போகும் நான்கு அணிகளுக்குள் நாங்கள் வரவில்லை. அந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்திருந்தால் வந்திருப்போம்.

கணவரிடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பெஞ்சிலயா உட்கார்ந்திருந்த?" என்று இரண்டு தடவை கேட்டார். அதற்குப் பிறகு நான் வெளியே போய்விட்டு வரும்போது எவ்வளவு தூரம் என்று அவர் கேட்டதே இல்லை.

அடுத்த கோடையில் ஓடினேன். வேலியைப் பிடித்து நின்றேன், திரும்ப ஓடினேன். பத்தாவது வாரம் ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் வந்தது. அந்தத் தாளில் "ஓடவில்லை" என்று எட்டுக் கட்டம் இருந்தது.

என் தோழியும் அணிக்குத் திரும்பினாள். வலது ஓரத்தில் நிறுத்தும்படி அவளே கோச்சிடம் கேட்டுக்கொண்டாளாம். நான் இடது ஓரத்திலேயே இருந்தேன், பெரும்பாலும் மாற்று ஆளாக. இன்னும் இரண்டு சீசன் ஒரே அணியில் ஆடினோம், ஒரே மருத்துவமனையில் வேலை செய்தோம். ரத்த மாதிரிகளைப் பற்றிப் பேசினோம், ரயில் தாமதம் பற்றிப் பேசினோம். சாப்பாட்டு அறையில் அவள் வேறு மேசையில் உட்கார்ந்தாள்.

அவள் ஆட்டத்திலிருந்து விலகிய நாளில் கிளப்பில் விருந்து. தட்டோடு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் அவள் இருந்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்பதுபோலத் திரும்பினாள்.

"இப்பவும் ஓடுறியா?"

"ஓடுறேன். இன்னைக்குக் காலையில ஏழு கிலோமீட்டர்."

அவள் தலையசைத்துவிட்டு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அன்று காலை நான் ஏழு கிலோமீட்டர் ஓடியது உண்மை. அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையும் எனக்கு இருக்கவில்லை.