மீசையில்லாத தாத்தா

என் பின்னறையில் யார் இருக்கிறார்கள் என்று கூடலூரில் இருக்கும் உங்களுக்கு என்ன வந்தது? கடல் தாண்டியும் எட்டிப் பார்க்கிற கழுத்து! சரி, சொல்லித் தொலைக்கிறேன். பெயரையும் நாட்டையும் மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளையைத் தேடுகிறவர்களுக்கும் காது உண்டு.

இலங்கையில் கண்டித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த என்னைச் சின்ன வயதில் கப்பலேற்றிக் கூடலூருக்கு அனுப்பினார்கள். அங்கே நான் ‘கண்டிக்காரி’. இங்கே வாழ்க்கைப்பட்ட மகளோடு இருக்கலாம் என்று கண்டிப் பக்கத்து மடவளைக்குத் திரும்பி வந்தால் ‘இந்தியாக்காரி’. வந்த அன்றே எதிர்வீட்டு அம்மா, என்னைவிட இரண்டு வயது மூத்தவர், “என்னையத் தாத்தாண்டு கூப்புடுங்க” என்றார். மீசை இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். இங்கே முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்காவாம்.

போன மாதம் சர்ச் ஃபாதர் வந்தார். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனால் காலி அறை என்னிடம்தான் இருந்தது.

“ஆம்பளப் பிள்ளையாப் பொறந்தா, பொம்பளப் பிள்ளையா வாழுறா. சொந்த அண்ணனே கொல்லத் தேடுறான். வேற நாட்டு விசா வார வரைக்கும் ஒரு எடம் வேணும்.”

“காரம் சாப்பிடுவாளா, ஃபாதர்?” என்றேன். வேறு என்ன கேட்பது?

பிள்ளை வந்தாள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட நான் கற்றுக்கொடுத்த முதல் சொல், ‘தாத்தா’.

ஒரு வாரத்தில் தெருப் பெண்கள் மூன்று பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். “அதோட கொரலு ஆம்பளக் கொரலா இருக்கே? சொல்லாட்டி பொலிசுக்குப் போவோம்.”

போனால் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நேராக அண்ணன் கைக்கு. நான் வாசலை மறித்து நின்றேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுத் தாத்தா வட்டிலப்ப இனிப்போடு வந்தார். உள்ளேயிருந்து பிள்ளை, அதே கட்டைக் குரலில், “தாத்தா!” என்று கத்தினாள்.

தாத்தா மூவரையும் திரும்பிப் பார்த்தார். “கேட்டீங்களா? தாத்தாண்டு கூப்புடுறா. அல்லாஹ்வுக்குப் பயந்தவ நான். கூப்புட்ட தங்கச்சியப் பொலிசுக்குக் குடுக்க ஏலுமா? மொதல்ல என்னையப் புடிச்சிக் குடுங்க.”

யாரும் பொலிசுக்குப் போகவில்லை. மறுநாள் குழாயடியில் விசாரணை என் பக்கம் திரும்பியது.

“மெய்யாச் சொல்லுங்க, அது ஆம்பளையா, பொம்பளையா?”

“மீசையில்லாத ஆளத் தாத்தான்னு கூப்புடுறவ நானு. என்கிட்டயா கேக்குறீங்க?”

“அப்ப எந்த ஊரு?”

“என் ஊருதான்” என்றேன். நான் எந்த ஊர் என்று இந்தத் தெரு இன்னும் முடிவு செய்யவில்லை.