அம்மா சொன்ன நேரம்

மூன்று வருடத்துக்கு முன்பு, மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்த அப்பா, ஒரு மார்ச் மாதச் சாயங்காலம் நாலரை மணிக்கு இறந்துபோனார். அவர் கை என் கையில்தான் இருந்தது. கடிகாரத்தை ஏன் பார்த்தேன் என்று தெரியாது, பார்த்தேன். அம்மாவின் அலறலைக் கேட்டு முதலில் ஓடி வந்தது கீழே குடியிருந்த வீட்டுக்காரரின் மனைவிதான்.

ஆறு மணிக்கு வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தார். நல்ல மனுசர்தான். அப்பாவை எத்தனையோ தடவை தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். ஒரு மாலையோடு வருவார் என்று நினைத்தேன். கையில் இருந்ததோ அன்றைய காலண்டர் தாள். அப்பா முகத்தைக்கூடப் பார்க்காமல் என்னைக் கேட்டார்.

"தம்பி, உசுரு எத்தன மணிக்குப் போச்சு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விளக்கினார். நாலு மணி ஐந்து நிமிடம் வரை திருவோணம், அதற்கு மேல் அவிட்டம். அவிட்டத்தில் சாவு விழுந்தால் அடைப்பாம். அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டுமாம்.

"நாலு மணி அஞ்சுக்கு மேலன்னா, தப்பா நெனைக்காத, காரியம் முடிஞ்ச கையோட நீங்க காலி பண்ணிரணும். எனக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தங்கைக்கு மறுவாரம் பிளஸ் டூ பரீட்சை. அடைப்பு என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அந்தத் தெருவில் எங்களுக்கு யார் வீடு தருவார்கள்? ஆனாலும் ஆத்திரத்தில், நாலரை என்று முகத்தில் அறைந்த மாதிரிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து சொன்னாள்.

"மூணே முக்காலுக்குண்ணே."

அவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்தபடி, "ஆமா, நானுந்தான் கூட இருந்தேன்ல" என்றார்.

"அப்பாடா. புண்ணியவான், நல்ல நேரத்துலதான் போயிருக்காரு."

அதற்குப் பிறகுதான் மனுசர் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். சாவு வீட்டில் நின்றுகொண்டு 'அப்பாடா' என்று சொன்ன ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவரைச் சும்மா விட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

தங்கை அங்கிருந்தே பரீட்சை எழுதினாள், பாஸும் ஆனாள். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உங்கப்பா உசுரு போன நேரத்தையே மாத்திச் சொல்லிட்டேனேப்பா. நாம குடுக்குற திதி அவருக்குப் போயிச் சேருமா?" என்று கேட்டாள். கண்ணில் அப்படி ஒரு பயம்.

"சேரும்மா" என்றேன். வேறென்ன சொல்வது? புருஷனுக்காக அழ வேண்டிய நேரத்தில் அவளைப் பொய் சொல்ல வைத்தது இந்த ஊர், பாவம் மட்டும் அவளுக்கா?

ஒவ்வொரு வருடமும் திதி அன்று அம்மா அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கிறாள். கேட்க வேண்டியது அவள் இல்லையே என்ற கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.